மரியா தெரேசா மெடல்: முகத்தைக் கடைசியில் பாருங்கள்

விக்டோரியாவை நம் ஊரில் எல்லாருக்கும் அடையாளம் தெரியும். பழைய ரூபாயில் பார்த்துப் பழகிய முகம். அவரைவிடப் பருமனாக, மார்பில் ஒரு ப்ரூச், தலையில் முக்காடு, சுற்றிலும் லத்தீன் எழுத்தோடு உள்ளங்கையில் கனமாக உட்காரும் ஒரு வெள்ளி வட்டு பரணிலிருந்தோ பழைய இரும்புப் பெட்டியிலிருந்தோ வந்தால் "ஏதோ வெள்ளைக்கார ராணி மெடல்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஏதோ ராணி பல நேரம் ஆஸ்திரியாவின் மரியா தெரேசா. அப்படி ஒன்று கைக்கு வந்தால் அது நிஜமான நினைவு மெடலா, காசா, பிறகு அடித்த மறு அச்சா, வார்த்த நகலா என்று வீட்டிலேயே பிரிப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

எல்லாரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஏமாறுவதும் அங்கேதான். முகத்தைப் பிரதி எடுப்பது சுலபம், இருநூறு வருடமாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். எடையையும் விளிம்பையும் பட்டத்தின் எழுத்துகளையும் ஒருசேரச் சரியாகப் பிரதி எடுப்பது கஷ்டம். அதனால் எடை, விளிம்பு, எழுத்து, கடைசியில் முகம் என்ற வரிசையில் போங்கள்.

வேண்டிய சாமான்கள்

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, டிஜிட்டல் வெர்னியர், பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், பருத்தி நூலாக இல்லாத மெல்லிய நைலான் நூல், ஒரு பிளாஸ்டிக் டம்ளர், பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர், வளைக்கக்கூடிய ஒரு மேஜை விளக்கு. இவ்வளவுதான். வெர்னியரின் இரும்பு வாய் விளிம்பைக் கீறிவிடும், அதில் ஒரு சுற்று செலோடேப் ஒட்டி, ஜீரோவைத் திரும்ப வைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

தராசு இல்லை என்றால் மதுரை தெற்காவணி மூல வீதியில் தெரிந்த நகைக்கடையில் எடை மட்டும் போட்டுக்கொண்டு வரலாம். "எடை மட்டும்" என்பதை வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். பழக்க தோஷத்தில் பத்தர் உரைகல்லில் ஒரு இழு இழுத்து ஆசிட் சொட்டு வைத்துவிட்டால், விளிம்பிலோ ராணியின் மூக்கிலோ விழுந்த அந்தத் தேய்ப்பு எந்த வைத்தியத்துக்கும் போகாது. நகைக்கு அது சோதனை, மெடலுக்கு அது காயம்.

எடையும் அடர்த்தியும்

ஃபேனை நிறுத்துங்கள். 0.01 கிராம் தராசு காற்றுக்கு ஆடும், மதுரை மே மாதத்தில் இதைச் செய்ய மனசு வராது, ஆனாலும் இரண்டு நிமிஷம்தான். மூன்று முறை எடை போட்டு நடு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். குறுக்களவை நான்கு திசையில் எடுங்கள். திருகு அச்சில், ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும் வளையமில்லாமல் அடித்த பழைய மெடல் சுத்தமான வட்டமாக இருக்காது, அரை மில்லிமீட்டர் கூடக் குறைய வரும். அது குறையில்லை.

பிறகு அடர்த்தி. டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து ஜீரோ செய்யுங்கள். மெடலை நைலான் நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கி அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கும்படி பிடியுங்கள். கையை வெறுமனே நீட்டினால் ஆடும், ஒரு ஸ்டாண்டிலோ நாற்காலிக் கையிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் மெடலின் கன அளவு, கன சென்டிமீட்டரில். காற்றில் எடுத்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 28.07 கிராம் மெடல் தண்ணீரில் 2.75 காட்டினால் 10.2 வரும். 833 தர வெள்ளிக்கு, அதாவது ஆயிரத்தில் 833 பங்கு சுத்த வெள்ளி உள்ளதற்கு, வர வேண்டிய எண் அதுவே. சுத்த வெள்ளி 10.49, 925 வெள்ளி 10.36 அளவில், செம்பு 8.96, வெண்கலமும் பித்தளையும் 8.4 முதல் 8.9 வரை, வெள்ளீயம் 7.3, காரீயம் 11.34.

தப்பு வருவது பெரும்பாலும் குமிழியால். எழுத்துகளின் இடுக்கில் காற்று ஒட்டிக்கொண்டு 2.75 இருக்க வேண்டியது 2.80 காட்டினாலே அடர்த்தி 10.02க்கு இறங்கிவிடும், நல்ல வெள்ளியைச் சந்தேகப்படுவீர்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெடலை மெல்ல ஆட்டிக் குமிழியை உதிர்த்துவிட்டு எண்ணைப் படியுங்கள். தண்ணீர் 30 டிகிரி இருந்தால் வரும் வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கீழே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கோர்த்துத் தொங்கவிடக் காது (சின்ன வளையம்) வைத்துப் பற்றவைத்த மெடலுக்கும் உள்ளே வேறு உலோகம் வைத்து மூடியதற்கும் இந்தக் கணக்கு சரிவராது. பச்சைப் பொடி பூத்த வெண்கலத்தை நனைக்கவே கூடாது.

காரீயத்தையும் செம்பையும் கலந்து மேலே வெள்ளி முலாம் பூசி 10.2 கொண்டுவர முடியும். அதைப் பிடிக்கத்தான் நம் காது. விரல் நுனியில் நிறுத்தி ஒரு மரப் பென்சிலால் விளிம்பைத் தட்டுங்கள். வெள்ளி இழுத்து ஒலிக்கும், காரீயம் சேர்ந்தது "தப்" என்று அடங்கும். தரையில் சுண்டிப் போட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம்.

விளிம்பு

லூப் வைத்து விளிம்பை ஒரு முழுச் சுற்று பாருங்கள், அவசரப்படாமல். விளிம்பின் நடுவில் மயிரிழை போல ஒரே கோடு முழுக்க ஓடினால் அது இரண்டு ஓடுகளைச் சேர்த்து ஒட்டிய மின்முலாம் நகல். உள்ளே காரீயமோ வேறு கலவையோ ஊற்றியிருப்பார்கள். அரம் தேய்த்த தடம் குறுக்கே தெரிந்தால் வார்ப்பில் வந்த பிசிறை எடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அரத் தடமும் கொஞ்சம் நிறம் மாறிய திட்டும் இருந்தால் அது வேறு கதை: காசுமாலையிலோ பதக்கமாகவோ போடக் காது பற்றவைத்து, பிறகு பிடுங்கியிருக்கிறார்கள். மெடல் நிஜமாக இருக்கலாம், மதிப்பு இறங்கிவிடும், அவ்வளவே.

வார்த்த நகலுக்கு இன்னும் இரண்டு அடையாளம் உண்டு. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிட ஒன்று, ஒன்றரை சதவீதம் சின்னதாக இருக்கும். 40 மி.மீ. இருக்க வேண்டியது 39.4 இருந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தளத்தில் ஊசி முனைப் பள்ளங்களும் சின்னப் பருக்களும் இருக்கும், எழுத்தின் அடி சோப்பில் செதுக்கியதுபோல் வழுக்கலாக இருக்கும். அச்சடித்ததில் எழுத்தின் சுவர் செங்குத்தாக எழும்பும். புடைத்த மெல்லிய கோடு ஒன்று எழுத்திலிருந்து ஓரத்துக்கு ஓடினால் பயப்படாதீர்கள், அச்சு விரிசல் விட்டபின் அடித்தது என்று அர்த்தம், நல்ல சாட்சி. உள்வாங்கிய கோடுதான் கீறல்.

பாரிஸ் அக்கசாலையில் (காசும் மெடலும் அடிக்கும் இடம்) பழைய மெடல்களின் அச்சுகளைப் பத்திரப்படுத்தி வைத்து மறுபடி அடித்து விற்பது வழக்கம். மரியா தெரேசாவின் மகளும் பிரான்சின் ராணியுமான மரி அன்டோய்னெட் மெடல்களில் இதை எதிர்பார்க்கலாம். விளிம்பில் சுட்டும் கை முத்திரை இருந்தால் 1845 முதல் 1860க்குள், தேனீ இருந்தால் 1860 முதல் 1880 வாக்கில், பழம் நிறைந்த கொம்பு இருந்தால் 1880க்குப் பிறகு. பக்கத்திலேயே செம்பு, வெண்கலம், வெள்ளி என்று உலோகத்தின் பெயரும் பிரெஞ்சில் இருக்கும். முன்பக்கத்தில் 1770 என்று இருந்தாலும் விளிம்பில் தேனீ உட்கார்ந்திருந்தால் தேனீ சொல்வதை நம்புங்கள்.

எழுத்தைப் படிப்பது

மெடலின் எழுத்து வெறும் பெயர் இல்லை. எந்த நாடெல்லாம் எனக்கு உரியது என்று போடும் பட்டா. அதனால் வம்ச வரலாறு தெரியாமல் எழுத்தைப் படிக்க முடியாது, தெரிந்தால் தேதி இல்லாத மெடலுக்குக்கூடக் காலம் குறிக்கலாம்.

மரியா தெரேசா 1717 மே 13 அன்று வியன்னாவில் பிறந்தார். அப்பா பேரரசர் ஆறாம் சார்ல்ஸ், ஆஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பர்க் வம்சத்தின் ஆண் வாரிசு வரிசையில் கடைசி ஆள். மகன் பிழைக்காமல் போனால் மகளுக்கே நாடுகள் பிரியாமல் சேர வேண்டும் என்று 1713இலேயே அவர் ஓர் ஆணை இட்டு, ஐரோப்பிய அரசர்களிடம் ஒப்புதல் வாங்கப் பல வருடம் அலைந்தார். 1740 அக்டோபரில் அவர் கண்ணை மூடியதும் ஒப்புக்கொண்டவர்களில் பலர் மாறிவிட்டார்கள். பிரஷ்யாவின் இரண்டாம் பிரெடரிக் அந்த டிசம்பரிலேயே மரியா தெரேசாவுக்குரிய சைலீசியாவுக்குள் படையோடு நுழைந்தார். எட்டு வருடம் நடந்த அந்த ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. இங்கிலாந்தும் பிரான்சும் எதிரெதிர் அணியில் நின்றதால்தான் 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748 சமாதான உடன்படிக்கையில்தான் அது ஆங்கிலேயருக்குத் திரும்பியது.

இனி பட்டங்கள். லத்தீன் மெடலில் யு வர வேண்டிய இடத்தில் வி செதுக்கியிருப்பார்கள், மனசுக்குள் மாற்றிப் படியுங்கள். "டி. ஜி." என்றால் கடவுள் அருளால். "ஹு." அல்லது "ஹங்." ஹங்கேரி, "போ." போஹேமியா, "ரெக்." அரசி. "ஆர்க்கிட். ஆவ்ஸ்ட்." ஆஸ்திரியப் பெருங்கோமகள். "ஆர். இம்ப்." ரோமானியப் பேரரசி. இந்தக் கடைசிச் சொல்தான் பூட்டைத் திறக்கும் சாவி. அப்பாவோடு பேரரசர் பட்டம் மகளுக்கு வரவில்லை, அது தேர்தலில் வருவது, பெண்ணுக்குக் கிடையாது. 1742இல் பவேரியாவின் சார்ல்ஸ் ஆல்பர்ட் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் 1745 ஜனவரியில் இறந்து, அந்த வருடம் மரியா தெரேசாவின் கணவர் பிரான்சிஸ் ஸ்டீபன் பேரரசரான பிறகுதான் மனைவிக்கு "பேரரசி" என்ற சொல். ஆகவே "ஆர். இம்ப்." இல்லாமல் ஹங்கேரி அரசி என்று மட்டும் இருந்தால் 1740க்கும் 1745க்கும் நடுவில். 1741 என்று தேதி போட்டு "ஆர். இம்ப்." என்றும் இருந்தால் யாரோ பிற்காலத்தில் செய்தது.

1741 ஜூன் 25 என்ற தேதி கண்ணில் பட்டால் அது ஹங்கேரி முடிசூட்டு விழா, இடம் பிரெஸ்பர்க், இன்றைய பிராட்டிஸ்லாவா. அந்த மரபில் அவர் முடிசூடியது அரசனாக. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, சித்திரையில் பட்டாபிஷேகமும் செங்கோலும் மீனாட்சிக்குத்தான். முடிசூட்டு நாளில் கூட்டத்துக்கு வாரி இறைக்க நாணயத்தைவிடச் சின்னதாக அடித்த வெள்ளி வட்டுகள் உண்டு. அவற்றில் முகம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, கிரீடமும் எழுத்தும் மட்டுமே இருக்கலாம். முகம் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1743 மே 12 என்று வந்தால் பிராகில் நடந்த போஹேமிய முடிசூட்டு.

"லோத்." என்ற சொல்லையும் தேடுங்கள். லொரேன் என்று பொருள், பிரான்சிஸின் பூர்வீகம். 1736இல் கல்யாணம், அடுத்த வருடம் லொரேனை விட்டுக்கொடுத்து இத்தாலியின் டஸ்கனியை வாங்கிக்கொண்டார். அதன் பிறகும் பெயரில் லொரேனை விடவில்லை, வம்சமே ஹப்ஸ்பர்க்-லொரேன் ஆகிவிட்டது. 16 பிள்ளைகள், 11 பெண், 5 ஆண். பெண்களின் கல்யாணம் ஒவ்வொன்றும் ஓர் உடன்படிக்கை, அதனால் கல்யாண மெடல்களும் நிறைய. 1770 மெடலில் "மரியா அன்டோனியா" என்று இருந்தால் வேறு யாரோ இளவரசி என்று தேடாதீர்கள், மரி அன்டோய்னெட்டின் பிறந்த வீட்டுப் பெயர் அது.

வருடம் ரோமன் எண்ணில் இருந்தால்: எம் 1000, டி 500, சி 100, எல் 50, எக்ஸ் 10, வி 5, ஐ 1. பெரிய எழுத்துக்கு முன் சின்னது நின்றால் கழிக்கணும். எம்-டி-சி-சி-எக்ஸ்-எல்-ஐ என்பது 1741. எங்கேயும் வருடமே இல்லாமல், ஒரு வாசகத்தில் சில எழுத்து மட்டும் உயரமாக இருந்தால் அந்த உயரமான எழுத்துகளைக் கூட்டுங்கள். அதுதான் வருடம். செதுக்கியவர் கை தவறிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், பாவம்.

தோளின் வெட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் செதுக்கியவர் பெயரோ முதலெழுத்தோ இருக்கும். "எம். டோனர் எஃப்." என்றால் மத்தேயஸ் டோனர் செய்தது, எஃப் என்பது "செய்தார்". சிற்பி கேயார்க் ரஃபேல் டோனரின் தம்பி அவர், 1756இல் இறந்துவிட்டார். 1770 மெடலில் அவர் பெயர் இருந்தால் பழைய முகத்தை எடுத்துப் புதுப் பின்பக்கத்தோடு சேர்த்திருக்கிறார்கள்.

முகம்

இப்போது பார்க்கலாம். விளக்கைத் தாழ்த்தி ஒரு பக்கமாகச் சாய்த்து, எதிர்ப்பக்கம் வெள்ளைத்தாள் நிறுத்துங்கள். மொபைல் ஃப்ளாஷ் வேண்டாம், எல்லாம் வெளுத்துவிடும். திறந்த தலை, இளமை, முத்து வைத்த கூந்தல் என்றால் 1765க்கு முன். அந்த ஆகஸ்டில் இன்ஸ்ப்ரூக்கில் பிரான்சிஸ் திடீரென இறந்தார், அதற்குப் பிறகு 1780 நவம்பர் 29இல் தான் இறக்கும்வரை மரியா தெரேசா துக்க உடையை மாற்றவில்லை. முக்காடு போட்ட முகம் அந்தப் பதினைந்து வருடத்தது. முக்காட்டோடு 1750 என்று இருந்தால் வாங்காதீர்கள். கன்னமும் காதுக்கு மேல் மயிரும் மழுங்கி எழுத்து கூர்மையாக இருந்தால் அது உபயோகத்தில் தேய்ந்தது. இரண்டும் சேர்ந்து மழுங்கியிருந்தால் வார்ப்பு பக்கம் சந்தேகத்தைத் திருப்புங்கள்.

1780 என்று இருந்தால்

முக்காடு, 1780, அதை அடுத்து ஒரு பெருக்கல் குறி, பின்பக்கம் இரட்டைத்தலைக் கழுகு, தோளுக்குக் கீழே "எஸ். எஃப்.", விளிம்பில் நீதியும் கருணையும் என்று பொருள்படும் "யுஸ்டிட்டியா எட் கிளெமென்ட்டியா". இது மெடல் இல்லை, தாலர் என்ற பெரிய வெள்ளிக் காசு. மதிப்பு எண் எங்கும் போடாததால்தான் மெடல் என்று நினைக்கத் தோன்றும். 28.07 கிராம், 39.5 மி.மீ. சுமார், 833 வெள்ளி, அதில் சுத்த வெள்ளி 23.39 கிராம். ப்ரூச்சில் ஒன்பது முத்து இருக்க வேண்டும்.

வருடத்தை நம்பி 1780 என்று எழுதிவிடாதீர்கள். செங்கடல் ஓர நாடுகளில் இந்தக் காசைத் தவிர வேறு எதையும் வாங்க மறுத்ததால் ராணி இறந்த பிறகும் அதே தேதியோடு அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னா மட்டுமல்ல, ரோம், லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், பர்மிங்காம். 1940-41இல் நம் பம்பாய் அக்கசாலையிலும் அடித்தார்கள். இங்கே பரணில் கிடைப்பதைப் பழைய வியன்னா காசு என்று எடுத்த எடுப்பில் சொல்வதைவிட, 20ஆம் நூற்றாண்டு மறு அச்சு என்று தொடங்கி, எதிராகச் சாட்சி கிடைத்தால் மாற்றிக்கொள்வது உத்தமம். இறக்கைச் சிறகு, வால் சிறகு, புள்ளிகளின் இடம் ஆகியவற்றை வைத்து அக்கசாலை பிரிக்கும் வேலை தனி.

கழுவ வேண்டாம்

குத்துவிளக்கு கறுத்தால் புளி, வெள்ளி கறுத்தால் விபூதி, அவசரத்துக்குப் பற்பசை. வீட்டில் உள்ள நல்ல மனுஷர்கள் ஆசையாகத் தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள். விபூதியும் பற்பசையும் மெல்லிய உப்புத்தாள்தான், கன்னத்தின் மேல்தோலை உரித்துவிடும். பள்ளத்தில் தங்கிய கறுப்புதான் எழுத்தை எழுப்பிக் காட்டுகிறது, அது போனால் முகம் தட்டையாகிவிடும். அழுக்கு ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் பத்து நிமிஷம் ஊறவிட்டு, பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். போர் தண்ணீர் கூடாது, உப்பு வெள்ளையாகப் படியும். பழைய பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒட்டும் பச்சைப் பிசுக்கு வந்திருந்தால் சுத்தமான அசிட்டோன், ஜன்னலைத் திறந்து, அடுப்பும் பூஜை விளக்கும் இல்லாத அறையில். நகப்பூச்சு அகற்றும் திரவம் அதற்குப் பதிலாகாது, அதில் எண்ணெயும் வாசனையும் இருக்கும். வெண்கலத்தில் கெட்டியான கரும்பச்சை என்றால் விட்டுவிடுங்கள். விரலால் தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி என்றால் உப்பு அரிக்கிறது, மற்ற மெடல்களிலிருந்து உடனே பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

வைக்கும் இடத்தில் ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் ஆகாது, இரண்டிலிருந்தும் வரும் கந்தக வாடை வெள்ளியைக் கறுக்கவைக்கும். பிவிசி கவர் வேண்டாம், மைலார் என்ற பாலியெஸ்டர் கவர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் ஈரம் ஏறும், சிலிக்கா ஜெல்லை அப்போது மாற்றுங்கள்.

நூறு வயது தாண்டிய மெடலை வெளிநாட்டுக்கு விற்கவோ தபாலில் அனுப்பவோ கூடாது. 1972 தொல்பொருள் சட்டம் தனியாருக்கு அதை அனுமதிப்பதில்லை, வாங்குபவர் எத்தனை ஆசைகாட்டினாலும்.

பார்த்து முடித்த கையோடு ஒரு அட்டையில் பென்சிலால் எழுதி மெடலோடு வையுங்கள். எழுத்துகளை நீங்கள் திருத்தாமல், புள்ளி, இடைவெளி உட்பட உள்ளபடி. இப்படி: "வெள்ளி, அடர்த்தி 10.2. எடை 27.81, தேய்வு கன்னத்தில். குறுக்களவு 39.4, 39.5, 39.5, 39.4. விளிம்பு எழுத்து தெளிவு, 2 மணி இடத்தில் காது பிடுங்கிய தடம். ப்ரூச்சில் 9 முத்து. 1780, மறு அச்சு, அக்கசாலை இன்னும் பிரிக்கவில்லை. கழுவவில்லை." யாரிடமிருந்து, எந்த வருடம் வந்தது என்பதைப் பின்பக்கம் எழுதுங்கள். இருபது வருடம் கழித்து அட்டையைப் புரட்டுபவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.